ரொடீஷியாவின் கானகப் போர்

ஒரே போருக்கு இரு தரப்பாரும் இரு வேறு பெயர் சூட்டுவது வரலாற்றில் புதிதன்று. 1857-இல் நம் நாட்டில் நிகழ்ந்ததை ஆங்கிலேயர் சிப்பாய்க் கலகம் என்றனர். நாம் விடுதலைப் போர் என்கிறோம். ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில், ஜாம்பசி ஆற்றுக்கும் லிம்போப்போ ஆற்றுக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில், 1966 முதல் 1979 வரை நடந்த போருக்கும் இந்நிலையே வாய்த்தது. அந்நாட்டை ஆண்ட வெள்ளையர் அதனைப் 'புதர்ப் போர்' என்று அழைத்தனர். புதர்களிடையே ஒளிந்து திரியும் சிலரைத் துரத்திப் பிடிக்கும் அலுவல் என்னும் எண்ணம் அப்பெயரில் அடங்கியிருந்தது. ஆப்பிரிக்கரோ அதனை 'இரண்டாம் சிமுரெங்கா' என்றனர். சிமுரெங்கா என்பது ஷோனா மொழியில் எழுச்சிப் போரைக் குறிக்கும் சொல்.

மாணவ நண்பர்களே, அந்த 'இரண்டாம்' என்ற அடைமொழியைச் சற்றே கவனியுங்கள். முதலாவது எது என்று கேட்டால், கதை 1890-ஆம் ஆண்டிற்குச் செல்கிறது.

அவ்வாண்டில், செசில் ரோட்ஸ் என்னும் ஆங்கிலச் செல்வரின் கம்பெனி தெற்கேயிருந்து ஒரு படையணியை அந்நாட்டிற்குள் அனுப்பியது. 'பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனி' என்பது அதன் பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இக்கம்பெனியின் போக்கை விளக்க வேண்டியதில்லை. அரசியின் சாசனம் 1889-இல் அதற்குக் கிடைத்தது. படை வைக்கவும் வரி தண்டவும் சட்டம் இயற்றவும் உரிமை பெற்றது. அதற்கு முந்திய ஆண்டே இந்டெபெலே மன்னர் லோபெங்குலாவிடம் சுரங்கம் தோண்ட ஓர் ஒப்பந்தம் எழுதி வாங்கியிருந்தனர். நிலத்தைக் கொடுப்பதாக அந்த ஒப்பந்தத்தில் இல்லை. ஆயினும் படையணியில் சேர்ந்த ஒவ்வொரு முன்னோடிக்கும் 15 பொற்சுரங்க உரிமையோடு 3,000 ஏக்கர் நிலமும் தருவதாகக் கம்பெனி வாக்களித்தது. மூன்றாண்டுகள் கழித்து லோபெங்குலாவின் மேல் நேரடியாகவே போர் தொடுத்தபோது, வாக்குறுதியின் அளவும் இரட்டித்தது: ஆளுக்கு 6,000 ஏக்கருக்கு மேல் நிலம், 20 பொற்சுரங்க உரிமை, கைப்பற்றும் மாடுகளில் ஒரு பங்கு. மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியின் முன் ஈட்டியும் கேடயமும் என் செய்யும்? மன்னர் ஓடினார், 1894-இல் மறைந்தார். நாட்டிற்கு ரோட்ஸின் பெயரே சூட்டப்பட்டது.

பொன் எதிர்பார்த்த அளவு கிடைக்கவில்லை. ஆதலால் வந்தவர்களின் கண் மண்ணின் மீதும் மாட்டின் மீதும் திரும்பியது. 1894-இல் குடிசைக்குப் பத்து ஷில்லிங் வரி விதித்தனர். பணமே புழங்காத ஓர் உழவன் அந்தப் பத்து ஷில்லிங்கிற்கு எங்கே போவான்? வெள்ளையனின் சுரங்கத்திற்கோ பண்ணைக்கோ கூலியாகப் போவான். வரியின் நோக்கமே அதுதான். 1896-இல் இந்டெபெலே மக்களும், அவர்களைத் தொடர்ந்து ஷோனா மக்களும் ஆயுதம் ஏந்தினர். அதுவே முதற் சிமுரெங்கா. அவ்வெழுச்சியில் முன்னின்றவர்களுள் நெஹாண்டா என்ற பெண்மணி ஒருவர். முன்னோரின் ஆவி தம்மேல் இறங்க வாக்குரைப்பவர் அவர். நம் நாட்டுப்புறத்துச் சாமியாடிகளை நினைத்துக்கொண்டால் அவர் பெற்றிருந்த மதிப்பு ஓரளவு விளங்கும். 1898-இல் அவரையும் காகுவி என்ற மற்றொருவரையும் தூக்கிலிட்டனர். தம் எலும்புகள் மீண்டும் எழும் என்று அவர் இறக்குமுன் சொன்னதாக ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. அவர் உண்மையிலேயே அவ்வாறு சொன்னாரா என்பதைவிட, எழுபது ஆண்டுகளுக்குப் பின் இளைஞர் பலர் அதனை நம்பியே துப்பாக்கி எடுத்தனர் என்பதே வரலாற்று மாணவருக்கு முக்கியமான செய்தி.

துப்பாக்கியால் பெற்ற நிலத்தைச் சட்டத்தால் பூட்டும் வேலை பிறகு நடந்தது. கம்பெனி ஆட்சி 1923-இல் முடிந்து, குடியேறிய வெள்ளையரே தம்மைத் தாம் ஆளும் உரிமை பெற்றனர். 1930-இல் அவர்கள் நிலப் பங்கீட்டுச் சட்டத்தை இயற்றினர். நாட்டின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 9.6 கோடி ஏக்கர். அதில் 4.9 கோடி ஏக்கர் வெள்ளையருக்கு என்று எழுதப்பட்டது. அன்று அங்கிருந்த வெள்ளையர் சுமார் 50,000 பேர். ஆப்பிரிக்கர் பத்து லட்சத்திற்கு மேற்பட்டவர். வெள்ளையர் பகுதியில் ஆப்பிரிக்கர் நிலம் வாங்கவும் கூடாது, கூலியாகவன்றிக் குடியிருக்கவும் கூடாது.

இப்பங்கீட்டில் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது. மழை நன்கு பொழியும் மேட்டுப் பகுதியும், செம்மண் பூமியும், இருப்புப்பாதை ஓரமும் பெரும்பாலும் ஒரு பக்கம் சென்றன. மணற்பாங்கும் வெப்பம் மிகுந்த தாழ்நிலமும் 'ஒதுக்கு நிலம்' என்ற பெயரில் மறுபக்கம் வந்தன. ஒதுக்கு நிலத்தில் மக்கள் பெருகினர்; மாடுகள் பெருகின; மண் தேய்ந்தது. உடனே அரசினர், ஆப்பிரிக்கனுக்கு நிலத்தைப் பேணத் தெரியவில்லை என்று கூறி, 1951-இல் மற்றொரு சட்டம் செய்து மாடுகளின் எண்ணிக்கையைக் குறைக்க முற்பட்டனர். மாடு அவ்வுழவனுக்கு உழவுத் துணை, சேமிப்பு, மணமகளுக்குக் கொடுக்கும் பரிசம். மாட்டைக் குறை என்று ஆணையிட்ட அதிகாரி, தான் எதன்மேல் கை வைக்கிறோம் என்பதை அறியவில்லை போலும்.

சட்டத்தின் வாசகத்தைவிட ஒரு பள்ளத்தாக்கின் கதை இதனைத் தெளிவாகக் காட்டும். நாட்டின் கிழக்கெல்லையில், மொசாம்பிக்கை ஒட்டி, இன்யாங்கா மலைகள் உள்ளன. அங்கே காயிரேசி ஆற்றோரத்தில் டங்வேனா என்னும் குடியினர், வெள்ளையர் வருவதற்கு முன்பிருந்தே வாழ்ந்து வந்தனர். அவர்கள் அறியாமலே அந்நிலம் கைமாறி விற்கப்பட்டு, வெள்ளையர் பகுதி என்று வரைபடத்தில் நிறம் தீட்டப்பட்டிருந்தது. 1960-களில் அவர்களை வெளியேறச் சொன்னார்கள். அவர்களின் தலைவர் ரெகாயி டங்வேனா மறுத்தார். அரசு அவரைத் தலைவர் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. அவர் மீது வழக்குத் தொடுத்தது. உயர் நீதிமன்றம் 1968-இல் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஆட்சியாளர் தனி ஆணை ஒன்றைப் பிறப்பித்துத் தீர்ப்பைத் தாண்டிச் சென்றனர். 1969-இல் காவலர் வந்து குடிசைகளைத் தகர்த்தனர். மக்கள் மலைக்குள் ஓடி மறைந்தனர், பிறகு திரும்பி வந்து மீண்டும் குடிசை கட்டினர், அவையும் இடிக்கப்பட்டன. மாடுகள் பறிமுதலாயின. நீதிமன்றத்தில் வென்றவனுக்கே நிலம் இல்லையென்றால், மற்றவன் எங்கே போய் முறையிடுவான்? ரெகாயி டங்வேனாவை இக்கதையில் மீண்டும் ஓரிடத்தில் சந்திப்போம்.

இதற்குள் ஆப்பிரிக்கா முழுவதும் காற்று மாறியிருந்தது. வடக்கே இருந்த மலாவியும் ஜாம்பியாவும் 1964-இல் விடுதலை பெற்றன. தெற்கு ரொடீஷியாவிற்கும் பெரும்பான்மையோர் ஆட்சியே முறை என்று பிரிட்டன் வற்புறுத்தத் தொடங்கியது. அதனை ஏற்க விரும்பாத வெள்ளையர், பிரதமர் இயான் ஸ்மித்தின் தலைமையில், 1965 நவம்பர் 11 அன்று தாமாகவே சுதந்திரப் பிரகடனம் செய்தனர். ஆளப்படுவோர் சுதந்திரம் கேட்பதை நாம் அறிவோம். ஆளும் சிறுபான்மையினர், தம் ஆட்சி போய்விடுமே என்று அஞ்சிச் சுதந்திரம் அறிவித்த விந்தை இது. உலகில் எந்த நாடும் அதனை முறைப்படி ஏற்கவில்லை. ஐக்கிய நாட்டு மன்றம் 1966-இலும் 1968-இலும் வாணிகத் தடை விதித்தது. ஆயினும் தென்னாப்பிரிக்காவின் வழியாகவும், அன்று போர்ச்சுகீசியரிடம் இருந்த மொசாம்பிக்கின் துறைமுகங்கள் வழியாகவும் எண்ணெய் வந்துகொண்டேயிருந்தது. பிரிட்டிஷ் கடற்படை பெய்ரா துறைமுகத்தின் முன் ஆண்டுக்கணக்கில் காவல் நின்றது. முன்வாசலில் காவல் வைத்துப் பின்வாசலைத் திறந்து விட்ட கதை அது.

ஆப்பிரிக்கத் தேசியவாதிகள் இரு கட்சிகளாகப் பிரிந்திருந்தனர். ஜோஷுவா நிகோமோவின் தலைமையில் ஜாப்பு 1961-இல் தோன்றியது. அதிலிருந்து பிரிந்து ஜானு 1963-இல் உருவாயிற்று. இரண்டும் தடை செய்யப்பட்டன. நிகோமோ, ஜானுவின் தலைவர் சித்தோலே, அதன் செயலாளர் ராபர்ட் முகாபே ஆகியோர் பத்தாண்டுகள் காவலில் கழித்தனர். வெளியே இருந்தவர்கள் ஜாம்பியாவிலும் தான்சானியாவிலும் முகாம் அமைத்தனர். ஜாப்புவின் வீரர்க்குச் சோவியத் நாடும், ஜானுவின் வீரர்க்குச் சீனமும் பெருமளவில் பயிற்சி தந்தன.

தொடக்க ஆண்டுகள் தோல்வியாகவே முடிந்தன. 1966 ஏப்ரல் 28 அன்று சினோயா என்ற ஊரின் அருகே ஏழு வீரர்கள் சூழ்ந்து கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு ஜாம்பசியைக் கடந்து வந்த குழுக்களும் அழிந்தன. காரணம் என்ன? ஆற்றோரக் காடு மக்கள் நெருக்கமற்ற வெப்பப் பள்ளத்தாக்கு. வந்தவர்களுக்கு நீரும் இல்லை, சோறும் இல்லை, வழி சொல்வாரும் இல்லை. ஊர்மக்களோ இவர்கள் யார் என்பதையே அறியார். கால்தடம் பார்ப்பதில் வல்ல காவற்படையினர் சில நாள்களில் அவர்களைக் கண்டுபிடித்துவிட்டனர். வீரம் குறைவின்றி இருந்தது. ஆனால் கொரில்லாப் போரில், ஊர்மக்களின் துணையின்றி வீரம் மூன்று நாளைக்குத்தான் தாங்கும்.

வழி வேறொரு நாட்டின் வாயிலாகத் திறந்தது. இங்கே சற்றுக் கிழக்கே திரும்ப வேண்டும்.

மொசாம்பிக்கையும் அங்கோலாவையும் போர்ச்சுகல் ஆண்டது. பிரிட்டனும் பிரான்சும் குடியேற்ற நாடுகளைக் கைவிட்ட காலத்தில், ஐரோப்பாவின் ஏழை நாடுகளுள் ஒன்றான போர்ச்சுகல் மட்டும் அவை குடியேற்ற நாடுகளே அல்ல, தாய்நாட்டின் மாகாணங்கள் என்று சாதித்தது. 1961-ஆம் ஆண்டு அதற்குப் பொல்லாத ஆண்டு. தொடக்கத்திலேயே அங்கோலாவில் கிளர்ச்சி வெடித்தது. முடிவில், டிசம்பரில், கோவாவை நம் படைகள் மீட்டன. 1964 செப்டம்பரில் மொசாம்பிக்கில் ஃபிரெலிமோ இயக்கம் போர் தொடங்கியது. அதன் தலைவர் எட்வர்டோ மொன்ட்லேன் 1969-இல் அஞ்சலில் வந்த வெடிகுண்டுக்குப் பலியானார். பின்னர் சமோரா மஷேல் தலைமை ஏற்றார். ஃபிரெலிமோ வீரர்கள் மெல்ல மெல்ல ஜாம்பசியைக் கடந்து, ரொடீஷியாவின் வடகிழக்கெல்லையைத் தொடும் டேட்டே மாகாணத்தில் காலூன்றினர். ஜானு வீரர்கள் அவர்கள் பின்னால் வந்தனர்.

இம்முறை அவர்கள் அவசரப்படவில்லை. இரண்டு மூன்று பேராக வந்து, மாதக்கணக்கில் ஊர்களில் தங்கி, முதலில் முன்னோர் வாக்குரைப்பவர்களைக் கண்டு இசைவு பெற்றனர். பிறகு இளைஞரைத் திரட்டினர். ஆயுதங்களைச் சுமந்து வந்து புதைத்து வைத்தனர். 1972 டிசம்பர் 21 அன்று செண்டெனரி மாவட்டத்தில் ஆல்ட்டெனா என்ற வெள்ளையர் பண்ணையைத் தாக்கினர். தாக்குதல் சிறியதுதான். ஆனால் அதற்குப் பின் போர் நிற்கவேயில்லை.

அரசாங்கமும் ஊரின் முதன்மையை உணர்ந்துகொண்டது. ரொடீஷியப் படைத் தலைவர்களுள் சிலர், பின்னாளில் தலைமைத் தளபதியான பீட்டர் வால்ஸ் உட்பட, 1950-களில் மலேயாக் காடுகளில் பிரிட்டனுக்காகப் போரிட்டவர்கள். அங்கே மக்களைக் காட்டோரத்திலிருந்து பெயர்த்து 'புதுக் கிராமங்களில்' அடைத்த முறையை மலேயாத் தமிழரும் நேரிற் கண்டிருக்கின்றனர். அதனையே ரொடீஷியாவிலும் செய்தனர். 1974-இல் சிவேஷே பகுதியில் ஏறத்தாழ 50,000 மக்களைச் சில வாரங்களுக்குள் முட்கம்பி வேலிக்குள் குடியேற்றினர். காலையில் வாயில் திறக்கும், மாலையில் ஊரடங்கு. தொலைவிலுள்ள வயலுக்குப் போய் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இரவில் பயிரைக் காட்டு விலங்கு தின்னும். காக்க ஆள் இல்லை. இத்தகைய குடியிருப்புகள் பின்னர் 200-க்கு மேல் பெருகின. 'பாதுகாக்கப்பட்ட கிராமங்கள்' என்று அவற்றிற்குப் பெயரிட்டனர். உள்ளே இருந்தவர்கள் தம்மை யாரிடமிருந்து பாதுகாக்கிறார்கள் என்று வியந்திருப்பர்.

போரின் உண்மையான சுமை அவ்வூர்ப் பெண்களின் தலையில் விழுந்தது. இரவில் போராளிகள் வருவார்கள். மக்காச்சோளக் களி கிண்டி, கோழி அறுத்துக் குழம்பு வைத்துப் பானையோடு காட்டிற்குச் சுமந்து செல்ல வேண்டும். 'புங்வே' என்னும் விடியவிடிய நடக்கும் கூட்டத்தில் பாடவும் வேண்டும். சிறுவர்கள் முஜிபாக்களாகி ஒற்றறிந்து செய்தி கொண்டு செல்வர். பெண்பிள்ளைகள் சிம்புவீடோக்களாகி உணவு சுமப்பர். விடிந்தால் படையினர் வருவார்கள். சாம்பல் ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது, நேற்று யாருக்குச் சமைத்தாய் என்று கேட்பார்கள். சொன்னால், அடுத்த இரவு போராளிகள் 'காட்டிக் கொடுத்தவள்' என்று கொல்லக்கூடும். சொல்லாவிட்டால் படையினர் அடிப்பர், குடிசையைக் கொளுத்துவர். போதாக்குறைக்கு, 1973-இல் அமைந்த செலூஸ் சாரணர் என்னும் தனிப்படையினர் போராளிகளைப் போலவே உடுத்தி ஊருக்குள் வந்தனர். சோறு கேட்பவன் யார் என்பதே தெரியாத நிலை! இவ்வாறு காட்டிக் கொடுத்ததாக ஐயுற்றுக் கொல்லப்பட்ட அப்பாவிகள் பலர் என்பதை விடுதலைப் போரின் ஆதரவாளரும் மறைக்க இயலாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பர் மறுபக்கம் என்று இப்போரை எளிதாகப் பிரித்துவிட முடியாது. ரொடீஷியப் படையிலும் காவலிலும் பெரும்பாலோர் ஆப்பிரிக்கரே. வறண்ட ஒதுக்கு நிலத்தில் பிறந்தவனுக்கு நிலையான சம்பளம் தரும் வேலை அது ஒன்றுதான் பல இடங்களில் இருந்தது. நிலமில்லாதவனே இரு படைக்கும் ஆள் தந்தான்.

1974 ஏப்ரல் 25 அன்று லிஸ்பனில் போர்ச்சுகீசியப் படை அதிகாரிகள் தம் அரசையே கவிழ்த்தனர். பதின்மூன்று ஆண்டுகளாக ஆப்பிரிக்கக் காடுகளில் முடிவு காணாத போருக்குச் சென்று சென்று சலித்தவர்கள் அவர்கள். போர்ச்சுகலின் வருவாயில் பெரும்பகுதியைப் போரே விழுங்கி வந்தது. 1975 ஜூன் 25-இல் மொசாம்பிக் விடுதலை பெற்றது; நவம்பர் 11-இல் அங்கோலா. ஸ்மித் சுதந்திரம் அறிவித்துச் சரியாகப் பத்தாண்டு நிறைந்த அதே நாளில் அங்கோலாவின் கொடி ஏறியது ஒரு தற்செயல்தான்; ஆயினும் சாலிஸ்பரி நகரில் அன்று விழாக் கொண்டாடியவர்களுக்கு அது இனித்திராது. அங்கோலா விடுதலையோடு உள்நாட்டுப் போருக்குள் இறங்கியது. அது தனிக் கதை.

இப்போது ரெகாயி டங்வேனாவிடம் திரும்புவோம். 1974-இன் இறுதியில், தென்னாப்பிரிக்காவின் வற்புறுத்தலால், ஸ்மித் தேசியத் தலைவர்களைச் சிறையிலிருந்து விடுவித்தார். 1975 மார்ச்சில், ஜானுவை வெளிநாட்டிலிருந்து நடத்தி வந்த ஹெர்பர்ட் சிட்டெப்போ, லூசாகா நகரில் காரில் வைத்த குண்டு வெடித்து இறந்தார். அதனையடுத்து முகாபே எல்லை தாண்டிப் போராளிகளிடம் செல்ல முடிவு செய்தார். அவரை மலைவழியே மொசாம்பிக்கிற்குள் அழைத்துச் சென்றவர், குடிசை இடிக்கப்பட்டு மலையிலேயே மறைந்து வாழ்ந்து அவ்வொற்றையடிப் பாதைகளையெல்லாம் அறிந்திருந்த டங்வேனா தலைவர்தாம். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து சில நூறு குடும்பங்களை விரட்டிய ஆட்சி, தனக்கு எதிராக வரவிருந்தவருக்குத் தானே வழிகாட்டி ஒருவரைத் தேடித் தந்தது.

மொசாம்பிக் எல்லை 1976 மார்ச்சில் மூடப்பட்டது. மொசாம்பிக் வழியே கடலுக்குச் செல்லும் இருப்புப்பாதை ரொடீஷியாவிற்கு இல்லாமற் போயிற்று. கிழக்கெல்லை முழுவதும் போர்முனை ஆயிற்று. மபூட்டோவிலிருந்து போராளிகளின் வானொலி ஷோனா மொழியில் ஒலிபரப்பத் தொடங்கியது. இரவில் கதவைச் சாத்திக்கொண்டு ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை. அம்மாதமே ஸ்மித்தும் வானொலியில் பேசினார். பெரும்பான்மையோர் ஆட்சியை ஆயிரம் ஆண்டுகளிலும் தாம் ஏற்பதற்கில்லை என்பது அவர் பேச்சின் சாரம். செப்டம்பரில் மீண்டும் அதே ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து, இரண்டு ஆண்டுகளுக்குள் பெரும்பான்மையோர் ஆட்சிக்கு இசைவதாக அறிவித்தார். அமெரிக்க அமைச்சர் கிஸ்ஸிங்கரும் தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டரும் அவரை நெருக்கியிருந்தனர். ஆயிரம் ஆண்டு ஆறு மாதத்தில் கழிந்துவிட்டது.

போர்க்களத்தில் ரொடீஷியப் படை தோற்கவில்லை என்று இன்றும் சிலர் எழுதுகின்றனர். தனித்தனிச் சண்டைகளைப் பார்த்தால் அது மெய்யே. 1976 ஆகஸ்டில் நியாட்ஸோனியா முகாமிலும், 1977 நவம்பரில் சிமோயோ முகாமிலும் எல்லை கடந்து தாக்கி, ஆயிரத்திற்கும் மேற்பட்டோரை ஒவ்வொரு முறையும் கொன்றதாகக் கணக்கிடுவர். அவருள் அகதிகளும் இருந்தனர். ஆனால் போர்க்கணக்கு வேறு வகையில் ஓடியது. நாட்டில் வெள்ளையர் இரண்டரை லட்சத்திற்குச் சற்று மேல். ஆப்பிரிக்கர் அறுபது லட்சத்திற்கு மேல். பண்ணையாரும் வங்கி எழுத்தரும் ஆண்டில் பல மாதம் துப்பாக்கி தூக்க வேண்டியிருந்தது. அவர் போர்முனையில் இருக்கையில் பண்ணையையும் வங்கியையும் யார் நடத்துவது? பலர் குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேறினர். எல்லைக்கு அப்பாலோ, ஒருவர் விழுந்தால் பதிலுக்குப் பலர் வந்து நின்றனர்.

1978-இல் ஸ்மித், ஆயர் முசொரேவா முதலிய மிதவாதத் தலைவர்களுடன் ஓர் உடன்பாடு செய்தார். மறு ஆண்டு முசொரேவா பிரதமரானார். படையும் காவலும் நீதியும் பழைய கைகளிலேயே இருந்தமையால் போர் ஓயவில்லை, கொடுமையே மிகுந்தது. 1978 செப்டம்பரில் ஜாப்பு வீரர்கள் ஒரு பயணி விமானத்தைச் சுட்டு வீழ்த்தினர். பிழைத்துக் கீழே நின்றவர்களுள் பத்துப் பேரையும் சுட்டுக் கொன்றனர். எந்த நியாயமும் அச்செயலைக் கழுவாது.

1979 ஆகஸ்டில் காமன்வெல்த் தலைவர்கள் லூசாகாவில் கூடினர். செப்டம்பர் 10 அன்று இலண்டனில், லங்காஸ்டர் மாளிகையில், பிரிட்டிஷ் அமைச்சர் காரிங்டன் பிரபுவின் தலைமையில் மாநாடு தொடங்கியது. வாக்குரிமை, பாராளுமன்றத்தில் வெள்ளையருக்கு நூற்றில் இருபது இடம் ஆகியவற்றில் எப்படியோ இசைவு காண முடிந்தது. நிலத்தில் வந்து தடுக்கி விழுந்தது. நிலம் வைத்திருப்பவர் விரும்பினாலன்றி அதனை எடுக்கக் கூடாது, எடுத்தால் முழு விலை தர வேண்டும், பத்தாண்டுகளுக்கு இதனை மாற்றலாகாது என்பது பிரிட்டன் வைத்த விதி. எங்கள் பாட்டனாரிடம் விலை கொடுத்தா வாங்கினீர்கள் என்பது மறு தரப்பின் கேள்வி. மாநாடு முறியும் நிலைக்கு வந்தது. காமன்வெல்த்தின் பொதுச் செயலாளர் ஸ்ரீதத் ராம்பால் - கயானா நாட்டில் குடியேறிய இந்தியர் வழிவந்தவர் - அமெரிக்கத் தூதரோடு பேசி, நிலம் வாங்கப் பண உதவி கிடைக்கும் என்னும் உறுதியைப் பெற்றுத் தந்தார். தொகை குறிக்கப்படவில்லை. போரில் தம் நாடும் நொந்துபோயிருந்த மஷேலும் முகாபேயைக் கையெழுத்திடுமாறு நெருக்கினார். டிசம்பர் 21 அன்று உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சில நாள்களில், ஜானு படைத்தலைவர் டொங்கொகாரா மொசாம்பிக்கில் சாலை விபத்தில் இறந்தார். போர்க்களத்தின் இறுதிவரை வந்தவர், விடுதலையைக் காணவில்லை.

1980 பிப்ரவரி இறுதியில் தேர்தல் நடந்தது. அதனைப் பார்வையிட்ட காமன்வெல்த் குழுவிற்கு நம் நாட்டு ராஜேஷ்வர் தயாள் தலைவர். முகாபேயின் ஜானுவுக்கு 57 இடம், நிகோமோவின் கட்சிக்கு 20, முசொரேவாவின் கட்சிக்கு 3. ஏப்ரல் 18 அன்று ஜிம்பாப்வே பிறந்தது. 'கல் வீடுகள்' என்று பொருள்படும் அப்பெயர், நாட்டின் தென்பகுதியில் நிற்கும் பழம்பெரும் கற்கோட்டையின் பெயர். ஆப்பிரிக்கரால் இத்தகைய கட்டடம் எழுப்ப இயலாது என்று வெள்ளையர் நெடுங்காலம் சாதித்து வந்த கோட்டை அது.

போரில் இறந்தவர்கள் குறைந்தது 20,000 பேர். 30,000-க்கு மேல் என்போரும் உண்டு. பெரும்பாலோர் படை உடை அணியாத ஊர்மக்கள். வெற்றி பெற்ற இரு இயக்கங்களும் விரைவிலேயே மோதின. 1983 முதல் மட்டபெலேலாந்தில் புதிய அரசின் ஐந்தாம் படைப்பிரிவு ஆயிரக்கணக்கான இந்டெபெலே மக்களைக் கொன்றது. முன்னர்ப் படையினரிடம் அடிபட்ட ஊர்கள் இப்போது தம் அரசினரிடமே அடிபட்டன. 1987 டிசம்பரில்தான் இரு கட்சிகளும் ஒன்றாயின.

நிலமோ, மாநாட்டு மேசையில் வைத்த இடத்திலேயே கிடந்தது. 1,62,000 குடும்பங்களுக்கு நிலம் தருவதாக அரசு திட்டமிட்டது. 1990-களின் நடுவே சுமார் 70,000 குடும்பங்களுக்கே கிடைத்திருந்தது. பிரிட்டன் பணம் தரவில்லை என்றது ஜிம்பாப்வே. தந்த பணம் அமைச்சர்களின் பண்ணையாயிற்று என்றது பிரிட்டன். இரண்டிலும் உண்மை கலந்திருந்தது. 2000-இல் பழைய போராளிகள் முன்னிற்க, வெள்ளையர் பண்ணைகள் வன்முறையோடு கைப்பற்றப்பட்டன. விளைச்சல் வீழ்ந்தது, நாணயம் மதிப்பிழந்தது, அப்பண்ணைகளில் கூலி வேலை செய்த ஆப்பிரிக்கர் பல லட்சம் பேர் வேலையும் குடிசையும் இழந்தனர். 2020-இல் அரசு, பண்ணையார்கள் செய்த அபிவிருத்திகளுக்கு ஈடாக 350 கோடி டாலர் தருவதாகக் கையெழுத்திட்டது. நிலத்துக்கு விலையில்லை, அதன் மேல் கட்டியவற்றிற்கு மட்டுமே விலை என்பது அவ்வொப்பந்தத்தின் நிலைப்பாடு. தொண்ணூறு ஆண்டுக்கு முந்திய சட்டத்திற்குத் தந்த பதிலாகவே அது ஒலிக்கிறது.

2021 மே மாதத்தில், தலைநகர் ஹராரேயின் நடுத்தெருவில் நெஹாண்டாவுக்குச் சிலை எழுப்பினர். அதே நாள்களில் கிழக்கெல்லையிலும் வடக்கெல்லையிலும், 1970-களில் ரொடீஷியப் படை நெடுகப் புதைத்துச் சென்ற கண்ணிவெடிகளை, முழங்காலிட்டு, ஒரு கோலால் மண்ணைக் குத்திப் பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள் சில தொழிலாளர்கள். எடுத்து முடித்த பகுதிகளில் ஊரார் மக்காச்சோளம் விதைத்தனர்.